கொத்திப் பார்க்காத பீம்

எங்கள் வீட்டு ஜன்னல் எதற்கும் சன்ஷேடு கிடையாது. கட்டியவர்கள் வைத்துத்தான் கட்டினார்கள். கட்டடம் இடிப்பதே தொழிலான இடிப்புக்காரன் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தபோது, மூட்டை முடிச்சைக்கூடப் பிரிக்காமல் ஏணியைச் சாத்தி ஏறி, சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அத்தனையையும் உளி வைத்து உடைத்துத் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து மழை பெய்தால் தண்ணீர் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வரும். அவன் மனைவி ஜன்னலோரம் போட்டிருக்கும் தையல் மெஷினை இழுத்துக்கொண்டு மூலைக்கு ஓடுவாள். வெயில் வந்ததும் வெளிச்சத்துக்காகத் திரும்ப இழுத்து வருவாள். தரையில் மெஷின் கால் கீறிய தடம் பள்ளமாகவே ஆகிவிட்டது.

"ஊரான் வீட்ட உடைச்சா கூலி வாங்குறாரு. சொந்த வீட்ட மட்டும் ஓசியிலயே உடைச்சுட்டாரு, பாத்தீங்களாண்ணே," என்பாள் என்னிடம்.

நான் அதே வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவன். சொந்த லாரி. இடிப்புக்காரன் உடைப்பதை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுவது என் பிழைப்பு. அவன் பிழைப்பு நின்றால் என் பிழைப்பும் நிற்கும், அதனால் மட்டும் நாங்கள் சிநேகிதர்கள் இல்லை. அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

கொட்டுகிற மழையில் நடுரோட்டில் நனைந்துகொண்டு போவானே தவிர, ஒரு கடையின் முகப்புக்குக் கீழே ஒதுங்க மாட்டான் இடிப்புக்காரன். தலைக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது அவனுக்கு. புதிதாகப் பார்க்கிறவர்கள் கிறுக்கு என்று நினைப்பார்கள். ஊரில் பழைய ஆட்களுக்குக் காரணம் தெரியும்.

அவன் அப்பா ஆர்க்கிடெக்ட். ஒரு காலத்தில் ஊரில் பாதிக் கட்டடம் அவர் போட்ட படம்தான். அப்போதெல்லாம் படம் போடுகிறவரும் கம்பிக் கணக்குப் போடுகிறவரும் ஒரே ஆள். கையெழுத்தும் ஒன்று, மாட்டினால் கழுத்தும் ஒன்று. கடைத்தெரு முனையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை ஒரு பெரிய காண்ட்ராக்டருக்குப் போட்டுக் கொடுத்தார். இடமும் காண்ட்ராக்டருடையது, கட்டியதும் அவரே. திறந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகத் தாண்டவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண் மேலும் அவள் மகள் மேலும் வாசல் போர்ட்டிகோ விழுந்தது. இரண்டு பேரும் அங்கேயே முடிந்துபோனார்கள்.

விடிவதற்குள் இடிபாட்டை முழுக்க அள்ளிவிட்டார்கள். யாருடைய லாரி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அப்போது டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். விசாரிக்க வந்தவர்கள் கண்ணுக்குக் கழுவிவிட்ட தரைதான் கிடைத்தது. அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த படத்தில் கம்பி குறைச்சலாக இருந்தது. கீழே இருந்த கையெழுத்து ஆர்க்கிடெக்டுடையது மாதிரியே இருந்தது. இது என் படம் இல்லை, நான் போட்டது முழுக் கம்பி, இவர்கள் வைத்தது பாதி என்றார் அவர். என்ன அத்தாட்சி என்றார்கள். கட்டடம் முழுக்க இதே லட்சணம்தான் இருக்கும், எந்த பீமை வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள் என்றார். ஜம்மென்று நிற்கிற கட்டடத்தை யார் உடைப்பார்கள்? கடைக்காரர்கள் வேறு குடிவந்து வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி அதையே சொன்னார். கடைசியில் ஊர் அவருக்கு அதையே பேராக வைத்துவிட்டது. உடைச்சுப்பாரு. தெருவில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது, "என்ன உடைச்சுப்பாரு, சாப்பிட்டாச்சா?" என்பார்கள்.

கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இனிமேல் படம் போடக்கூடாது என்று உத்தரவு. ஒரு வருஷம் போல வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒருநாள் காலையில் சவரத்துக்கு பிளேடு வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான். கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதையே ரொம்ப நாள் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனுஷருக்கு நடந்தது அநியாயம்தான் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அவருக்கு நடந்த அநியாயத்துக்குப் பெண்டாட்டி பிள்ளையா பொறுப்பு? அந்த அம்மா ஒரு லாண்டரியில் ஊர்த் துணியெல்லாம் இஸ்திரி போட்டு, கையில் தழும்பு வாங்கிப் பிள்ளையை வளர்த்தாள். அவள் செத்த அன்று, விட்டுப்போன பெரியவர் எப்படியோ தெரிந்து வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மகன் பார்த்தான். கூப்பிடவில்லை. அவரும் கடந்து வரவில்லை. வேறோர் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் இடிப்புக்காரன் வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொல்வான்: "எங்கப்பனா? ரெண்டு பேரக் கொன்னுட்டு, ரெண்டு பேர விட்டுட்டுப் போனவன்." குரலில் கோபம்கூட இருக்காது. அவன் எதிலும் கையெழுத்துப் போட மாட்டான். வேலை ஒப்பந்தமோ சீருடைக்குப் பள்ளிக்கூடம் தருகிற ரசீதோ, எல்லாவற்றிலும் தங்கச்சியின் கையெழுத்துதான். எனக்குக் கையெழுத்து சரியா வராது என்பான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கடைத்தெருக் கட்டடத்தைத்தான் இடிக்க வேண்டும் என்று பழைய காண்ட்ராக்டரின் மகன் சொல்லி அனுப்பினார். காண்ட்ராக்டர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் அதே இடத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒன்று கட்டப்போகிறாராம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இடிப்புக்காரன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடியே விஷயத்தைச் சொன்னான்.

"ஊர்ல வேற கட்டடமே இல்லையா?" என்றாள் தங்கச்சி.

"இருக்கு. இதுவும் இருக்கு."

"இது வேணாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"கல்லுக்கும் மண்ணுக்கும் யாரு போட்ட படம்னு தெரியுமா? எல்லாம் ஒரே மாதிரிதான் உடையும்."

"கல்லுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவன் தட்டைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த அவள் தம்பிதான் பேசினான். அவனை நாங்கள் பூனை என்போம். எவ்வளவு ஒல்லியான சுவராக இருந்தாலும் மேலே ஏறி, கையை விட்டுவிட்டு நடப்பான். கல்யாணத்துக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தான் அப்போது. பெண் ரெடி, வீடுதான் அமையவில்லை.

"ஏங்க்கா, அத்தான் உடைக்காம வேற எவனோ வந்து உடைச்சா மட்டும் உனக்கு நல்லா இருக்குமா? அவரு கையாலயே ஒழியட்டும்க்கா அந்த சனியன்."

"நீ சும்மா இருடா. உனக்கு எல்லாம் வெளையாட்டு."

"வெளையாட்டு இல்லக்கா. அந்த உச்சியில நின்னு பாத்தா நம்ம வீடு தெரியும். ஒனக்குக் கை காட்டுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பேசினால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

இடிப்புக்காரன் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கட்டடத்தை மேலிருந்து கீழாகத்தான் உடைப்பார்கள். தளத்தை உடைக்கும்போது ஆட்கள் பீம் மேல் நிற்க வேண்டும். பீம் தாங்குமா என்பது உள்ளே இருக்கிற கம்பியைப் பொறுத்தது. வெளியே பூச்சைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மற்ற இடிப்புக்காரர்கள் ஒரு குத்துமதிப்பில் ஆளை ஏற்றிவிடுவார்கள். இவன் அப்படி இல்லை. ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே சின்னச் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு தனியாக ஏறுவான். ஒவ்வொரு பீமிலும் ஓரத்தில் ஒரு கை போகிற அளவுக்குக் கொத்தி, உள்ளே விரலை விட்டுக் கம்பியைத் தடவிப் பார்ப்பான். எத்தனை, என்ன தடிமன், துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே நில், அங்கே நிற்காதே என்பான். கீழே ஆட்கள் டீயைக் குடித்துக்கொண்டு, "டாக்டரு நாடி பாக்க ஏறியிருக்காரு, நோயாளி நாக்க நீட்டலையாம்," என்று கேலி பேசுவார்கள். அரை நாள் கூலி வீண் என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் அவனிடம் வேலை பார்த்த ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதனால் கேலி பேசிக்கொண்டே எல்லாரும் அவனிடமே வருவார்கள்.

கடைத்தெருக் கட்டடத்தில் வேலை ஆரம்பித்த அன்று தூறல். இடிப்புக்காரன் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது மாடியில் கடைகளுக்கு முன்னால் ஒரு நடைபாதை, சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு வரிசையாக பீம்கள். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பூனை கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "எங்கத்தான் நிக்கட்டும்?" என்றான்.

"வெளிய நீட்டிட்டு இருக்குல்ல, அந்த பீம் மேல நில்லு மாப்ள. அது தாங்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் அங்கேதான் நின்றேன். நேற்றே ஏறிக் கொத்திப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். இந்த மாதிரி விஷயத்தில் அவனைக் கேட்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை.

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் அதன் சத்தம் நின்று, வேறொரு சத்தம் வந்தது.

பூனையை நாங்கள் எல்லாரும் கேலி செய்வோம், நீ எங்கே விழுந்தாலும் கால் ஊன்றித்தான் விழுவாய் என்று. கால் ஊன்றித்தான் விழுந்தான். அதனால் உயிர் நின்றது. இடது கால் எலும்பு முறிந்தது. வலது கால்மேல் பீமின் உடைந்த பாதி கிடந்தது. நாங்கள் அதைத் தூக்கியபோது அவன் கத்தவில்லை. "மெஷின் ஒடஞ்சிருச்சாத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றார். ஒரு தாளை நீட்டினார். இடிப்புக்காரன் பேனாவை வாங்கினான். தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பேனாவைப் பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம் கொடுத்தான். அவள் கழுத்தில் இன்னமும் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தன் தம்பியின் காலுக்கு அவளே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டாள்.

"கொத்திப் பாத்தீங்களா?"

அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு சைக்கிள் ஷெட்ட இடிக்கப் போனாக்கூடக் கொத்திப் பாப்பீங்களே. இதுல பாத்தீங்களா இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் தலைமுடி முழுக்கச் சிமெண்டுத் தூசி, தூறலில் நனைந்து அப்பிப்போயிருந்தது.

"மறந்துட்டீங்களா? அவசரமா? ஒடம்பு முடியலையா? எதுன்னாலும் சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

அவன் விரலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான்.

"சரி. ஏன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள வாங்க. சொல்லாம அந்த வாசப்படிய மிதிக்காதீங்க."

சத்தம் போடவில்லை அவள். ஒரு பொத்தான் குறைகிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவன் என் அறையில் இருந்தான். என் கட்டிலில் படுக்கச் சொன்னால் கேட்கவில்லை, தரையில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டான். வேளாவேளைக்குத் தங்கச்சி அவனுக்கும் சேர்த்து ஆக்கி, மூடி போட்ட தட்டை என் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். அவன் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, துடைத்து அதே இடத்தில் வைப்பான். முன்பக்கத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். நிற்கும். திரும்ப ஓடும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் மாட்டுவது மாதிரி கஷ்டம் உலகத்தில் இல்லை, அதிலும் சத்தமே இல்லாத சண்டை. எனக்கு என் வீட்டிலேயே இருமப் பயமாக இருந்தது.

விபத்துக்கு மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் போனேன். விழுந்த பீம் அப்படியே கிடந்தது. உடைந்த முனையில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல் பக்கம் இரண்டே இரண்டு. சுண்டுவிரல் தடிமன். வெளியே நீட்டுகிற பீமுக்கு மேல் பக்கக் கம்பிதான் உயிர் என்று எனக்கே தெரியும், இவ்வளவு நாள் இவன்கூடச் சுற்றியதில். நான் பக்கத்து பீமில் கொத்தினேன். அதிலும் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு.

"டேய், உங்கப்பா சொன்னது நெசம்டா. பாதிகூட இல்ல. அந்தாளு வாய் ஓயாமச் சொன்னாரே, உடைச்சுப் பாருன்னு."

"ம்."

"என்னடா, ம்? உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவன் குனிந்து, துண்டாகிக் கிடந்த ஒரு சின்னக் கம்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"எடுத்த கால என்ன பண்ணுவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கால?"

"மாப்ளயோடது. ஆஸ்பத்திரியில. எங்க வச்சிருப்பாங்க?"

தெரியலடா என்றேன். ம் என்றான்.

அன்று மத்தியானமே காண்ட்ராக்டர் மகன் அங்கே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஆப்பிள் பை. ரொம்ப மரியாதையான மனுஷர். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நடந்தது நடந்துபோச்சு. எடத்த மட்டும் இன்னிக்கே சுத்தம் பண்ணிட்டா எல்லாருக்கும் நல்லது. போறவங்க வர்றவங்க வேடிக்கை பாக்குறாங்க பாருங்க."

"லாரி ரிப்பேர் சார்."

"இப்ப அதுலதானே வந்தீங்க?"

"ஆமா சார். வந்ததும் ரிப்பேர் ஆயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். வேறு லாரி பிடிக்க அவருக்கு ஒரு நாள் ஆனது, அதற்குள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துவிட்டார். கம்பியை அளந்தார், படம் பிடித்துக்கொண்டார். பழைய வழக்கை நான் எடுத்துச் சொன்னேன். கட்டினவர் செத்துட்டாரே, செத்தவர் மேல என்னய்யா எழுதறது என்றார். பிறகு இடிப்புக்காரனிடம் திரும்பி, "இருக்கிறவர் நீங்கதான். நீங்க ஏன் செக் பண்ணாம ஆள ஏத்துனீங்க?" என்று கேட்டார். இவன் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பன் மாட்டியது செய்யாத தப்புக்கு, மகன் மாட்டியது செய்த தப்புக்கு. கட்டடம் என்னவோ ஒன்றுதான். இதை யாரிடம் போய் நொந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பூனைக்கு நினைவு தெளிந்து பேச ஆரம்பித்ததும், தங்கச்சி கேட்ட அதே கேள்வியை அவனும் அவளிடம் கேட்டிருக்கிறான். "அத்தான் கொத்திப் பாக்கலையாமே, ஏங்க்கா?" எனக்குத் தெரியாதுடா என்று சொல்லியிருக்கிறாள். அவன் போர்வைக்குக் கீழே தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "அவரு அப்படி விடமாட்டாரே," என்றானாம். அந்த ஒரு வார்த்தையை அவள் என்னிடம் சொல்லும்போது, வாளியில் துணி ஊறிக்கொண்டிருக்க, குழாயை மூடாமல் நின்றாள். தண்ணீர் வழிந்து ஓடியது. அவளுக்கு வேண்டியது புருஷன் மேல் கோபப்பட ஒரு காரணம். அல்லது கோபப்படாமல் இருக்க ஒரு காரணம். இரண்டும் கிடைக்காமல் அவள் வற்றிக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று தோன்றியது.

ஒருநாள் காலையில் இடிப்புக்காரன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஒரு சின்னப் பையோடு என் கதவைத் திறந்து வெளியே வந்தான். தங்கச்சி தட்டு வைக்க வந்தவள் எதிரே நின்றாள்.

"எங்க?"

"அப்பாவப் பாத்துட்டு வர்றேன்."

அப்பன் என்று சொல்லாமல் அப்பா என்று அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளும் கவனித்தாள். ஆனால் விடவில்லை.

"பிளேடு வாங்கிட்டு வர்றேன்னு போனவரோட மகன்தானே நீங்க? இருங்க, நானும் வர்றேன். அண்ணே, உங்க லாரி இன்னும் ரிப்பேரா?"

"இல்ல தங்கச்சி. இப்ப சரியாயிடுச்சு."

ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பிவிட்டு ஏறினாள். முன் சீட்டில் மூன்று பேர். அவள் ஜன்னலோரம், அவன் நடுவில். வழியெல்லாம் வெயில். ஓரிடத்தில் நிறுத்தி டீ வாங்கினேன். அவள் கொண்டுவந்திருந்த அவித்த முட்டையை உரித்து, ஒன்றை என்னிடம் கொடுத்தாள், ஒன்றை டேஷ்போர்டு மேல் வைத்தாள். அது அவனுக்கு. கையில் கொடுக்கவில்லை. வண்டி ஆட்டத்தில் அது உருண்டு விழப்போனது, அவன் பிடித்துத் தின்றான்.

அந்த ஹார்டுவேர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. தாழ்ப்பாள், கீல், குழாய், கயிறு என்று கூரை வரைக்கும் சாமான். கல்லாவுக்குப் பின்னால் பெரியவர் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒடிசலாக, காதுக்குப் பின்னால் நூல் கட்டிய கண்ணாடியோடு இருந்தார். சவரம் சுத்தமாகச் செய்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆணி தராசிலேயே இருந்தது.

"வா," என்றார், வாடிக்கைக்காரரிடம் சொல்கிற மாதிரி.

மகன் பையிலிருந்து அந்தக் கம்பித் துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான். பெரியவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினார். முனையைப் பார்த்தார்.

"எங்க எடுத்தது?"

"மூணாவது மாடி. வெளி நடைபாதை பீம்."

"மேல எத்தன?"

"ரெண்டு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சிரிப்பார் என்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு மனுஷன் இந்த ஒரு சாண் கம்பிக்காக ஊர், பேர், குடும்பம் எல்லாவற்றையும் இழந்திருக்கிறான். அவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கீழே வைத்தார். அப்புறம்தான் என்னையும் தங்கச்சியையும் பார்த்தார். அவள் முகத்தில் என்ன படித்தாரோ.

"மேல நின்னது யாரு?"

"இவ தம்பி."

"உசுரு?"

"இருக்கு. ஒரு கால எடுத்துட்டாங்க."

பெரியவர் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். குரல் திடீரென்று ஒரு மேலதிகாரியின் குரலாக மாறிவிட்டது.

"நீ கொத்திப் பாக்காமலா ஆள ஏத்துன?"

"ம்."

"பழைய கட்டடத்துல? அதுவும் வெளிய நீட்டுன பீம்ல? கொத்திப் பாக்காம எப்படிடா ஏத்துவ? ஏன் பாக்கல?"

தங்கச்சி ஓரடி முன்னால் வந்தாள். இடிப்புக்காரன் தலையைத் தூக்காமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில் சொன்னான்.

"வெளிய நீட்டுன பீமுக்கு மேல நாலு, கட்டைவிரல் தடிமன். கீழ ரெண்டு, நடுவிரல் தடிமன். ரிங்கு ஒரு சாணுக்கு ஒண்ணு, சுவர் கிட்ட அரை சாணுக்கு ஒண்ணு. தூணுக்கு எட்டு."

பெரியவர் அவனையே பார்த்தார்.

"நீங்க உள்ள இருந்து வந்தப்புறம் தெனமும் சொன்னீங்க. சாப்பிடும்போது. என் கட்டைவிரலப் பிடிச்சுக்கிட்டு, பெரியவனானா இந்தத் தடிமன் இருக்கும்டா உன் வெரலு, அந்தத் தடிமன் போட்டேன்னு சொன்னீங்க. அம்மா போதும் விடுங்கன்னாகூட விடமாட்டீங்க. எனக்கு மத்த எதுவும் ஞாபகம் இல்ல. உங்க மொகம்கூட சரியா ஞாபகம் இல்ல. இது மட்டும் இருந்துச்சு." அவன் அந்தக் கம்பித் துண்டைத் தொட்டான். "உள்ள நாலு இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சத எதுக்குக் கொத்திப் பாக்கணும்?"

சந்தில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள்.

"எல்லார்கிட்டயும் என்னக் கொலகாரன்னுதானே சொல்லிட்டு இருந்த? என் காதுக்கும் வந்துச்சு."

"சொன்னேன்."

"அத நம்பியிருக்கலாமேடா," என்றார் பெரியவர். "அதையே நம்பித் தொலைச்சிருக்கலாமே. அந்தப் புள்ளைக்குக் கால் இருந்திருக்கும்."

அவர் ஆணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒருவன்கூட அவரை நம்பவில்லை என்று நினைத்திருந்தார். நம்பிய ஒருவன் இதோ நிற்கிறான். இவனுக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தொடவும் இல்லை. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

தங்கச்சிதான் பேசினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ரொம்ப நாள் தேடிய ஊசி கையில் குத்திக் கிடைத்த மாதிரி முகம்.

"மாமா, சட்டைய மாத்திட்டுக் கெளம்புங்க."

பெரியவர் யாரையோ சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான் மாமா. சாயங்காலம் ஆஸ்பத்திரியில பாக்க விடுவாங்க. என் தம்பி தெனமும் ஏன் ஏன்னு கேக்குறான். என்னால சொல்ல முடியாது. நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க. நீங்க சரியாத்தான் போட்டீங்கன்னு சொல்லுங்க. இவரு அத நம்புனாருன்னு சொல்லுங்க. அவன் மன்னிக்கட்டும், இல்ல காறித் துப்பட்டும். அது அவன் இஷ்டம். யாரும் பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

பெரியவர் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு வர உள்ளே போனார். திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன். வந்தார். கையில் ஒன்றுமே எடுத்துக்கொள்ளவில்லை.

முன் சீட்டில் நான்கு பேருக்கு இடம் கிடையாது. பெரியவரை நடுவில் ஏற்றினோம். இடிப்புக்காரன் யாரும் சொல்லாமலே பின்னால் போய், காலி லாரியில் ஏறுவதற்குச் சக்கரத்தின் மேல் கால் வைத்தான். தங்கச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"அங்க எதுக்கு ஏறுறீங்க? உள்ள வாங்க," என்றாள்.

அவன் வந்து கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். பெரியவர் என்னை இடித்துக்கொண்டு இருந்தார். கியர் போட இடம் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் அவர் முழங்காலைத் தள்ளித் தள்ளித்தான் ஊர் வரைக்கும் ஓட்டினேன்.